பூங்காவில் தலை எண்ணும் ஆசிரியர்கள்

சென்னை கதீட்ரல் சாலைச் செம்மொழிப் பூங்காவுக்கு வரும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை இரட்டை வரிசையில்தான் பார்க்க முடியும். முன்னால் போகிறவரின் தோளில் கை. வாசலில் ஒருமுறை தலையை எண்ணுகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் எண்ணுகிறார்கள். பஸ் ஏறுமுன் இன்னொருமுறை. ‘தொடாதே’, ‘பறிக்காதே’, ‘வரிசையை விட்டுப் போகாதே’ - இயற்கைச் சுற்றுலாவில் குழந்தையின் காதில் விழுவதெல்லாம் இவைதான். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு பிள்ளை காணாமல் போனால் கையைக் கட்டிப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே?

உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடத்தில் 2010இல் திறக்கப்பட்டது இந்தப் பூங்கா. எதிரே 2024இல் வந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் ஜிப்லைனே இருக்கிறது. எதற்குப் போகலாம் என்று கேட்டால் பிள்ளைகள் ஜிப்லைனுக்குத்தான் கை தூக்குவார்கள். தூக்கட்டும், தப்பில்லை. அதையும் சூழ்நிலையியல் பாடக் கணக்கில் எழுதுவதுதான் இடிக்கிறது.

பாடம் நடத்த ஒரு பூவரச மரம் போதும். அதன் பூ மஞ்சளாக விரிந்து, பொழுது சாயச் சாயச் சிவந்துபோகும். நேற்றைய பூவும் இன்றைய பூவும் ஒரே கிளையில் இரண்டு நிறத்தில் நிற்பதை மூன்றாம் வகுப்புப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும். பூவுக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. பச்சைக்காயைக் கீறினால் மஞ்சள் பால் வடியும். அந்தக் காயே பம்பரம். இலையைச் சுருட்டினால் பீப்பீ. தொடாமல், ஊதாமல், கையில் கறை படாமல் இதில் எதைக் கற்றுக்கொள்வது? பள்ளிக்குப் பக்கத்துத் தெருவிலேயே இந்த மரம் நிற்கக்கூடும் என்பது வேறு விஷயம்.

ஒரே நாளில் பூங்கா முழுவதையும் காட்டி முடிக்கும் அவசரத்தில்தான் கோளாறு. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாள் வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அதில் சுற்றுலாவுக்கென ஒதுங்குவது பெரும்பாலும் ஒரு நாள். மரங்கள் நம் நாள்காட்டியைப் பார்த்துப் பூப்பதில்லை. சரக்கொன்றை பூத்துக் குலுங்கும் சித்திரையில் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். ஆடியில் ஒருமுறை, மழை விட்டதும் ஒருமுறை, மாசியில் ஒருமுறை என்று ஒரே மரத்தடிக்குப் போய் வந்தால், இலை உதிர்வதும் துளிர்ப்பதும் படம் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டிய விடைகளாக இருக்காது.

இதற்குத் தொலைதூரப் பயணம் வேண்டாம், தலைக்கு இவ்வளவு என்று பணம் வசூலிக்கவும் வேண்டாம். ஆனால் பல ஊர்களில் நகராட்சிப் பூங்கா காலையிலும் மாலையிலும் நடைப்பயிற்சிக்காரர்களுக்குத் திறந்திருக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் பகலில் பூட்டுத் தொங்குகிறது. துணைக்கு ஆள் இல்லை என்பதும் சரியான சாக்கு அல்ல. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அவர்களில் இருவர் கூட வந்தாலே ஆசிரியருக்குத் தலை எண்ணும் வேலை பாதி குறையும்.

நகராட்சிகள் வாரத்தில் ஒரு பகலாவது பூங்காவைப் பள்ளிகளுக்குத் திறந்துவிடட்டும். தோட்டக்காரரில் ஒருவரை அன்று பிள்ளைகளோடு நடக்கச் சொல்லட்டும். பிள்ளைகள் வீட்டிலிருந்து பள்ளிக்குப் பஸ்ஸில் செல்லும் கட்டணமில்லாப் பயணத்தை, பள்ளியிலிருந்து பூங்காவுக்கும் அரசு நீட்டிக்க வேண்டும்.