ஆட்டோபைலட் இருக்குல்ல, அப்புறம் என்ன?

போன வாரம் ஆபீஸ் கேண்டீன்ல தாரிணி பேச்சு வந்தது. "ஜிபிஎஸ் இருக்கு, ஆட்டோபைலட் இருக்கு, சாட்டிலைட் போன் இருக்கு. காத்து தள்ளிட்டுப் போகுது. இதுல என்னய்யா சாதனை?"ன்னார் எங்க டீம்ல ஒருத்தர். ராஜேந்திர சோழன் கடாரம் போன கதையை மாசம் ரெண்டு தடவை வாட்ஸப்பில் ஃபார்வர்ட் பண்றவரும் இவரேதான். (இந்தப் பக்கம் வரமாட்டார்ங்கற தைரியத்துல எழுதறேன்.)

தெரியாதவங்களுக்காக: ஐஎன்எஸ்வி தாரிணி, நம்ம கடற்படையோட 56 அடி பாய்மரப் படகு. 2024 அக்டோபர் 2 கோவாவில் கிளம்பி, ஃப்ரீமாண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் வழியாக உலகத்தைச் சுற்றி, 2025 மே 29 திரும்பி வந்தது. 25 ஆயிரம் கடல் மைலுக்கு மேல். படகில் மொத்தமே ரெண்டு பேர். கோழிக்கோடு தில்னா, நம்ம பாண்டிச்சேரி ரூபா அழகிரிசாமி.

இப்ப ஆட்டோபைலட்டுக்கு வருவோம். அது திசையைத்தான் பிடிக்கும். காத்து ஏறினா பாயைச் சுருக்காது. அதுக்கு நடுராத்திரியில் ஒரு ஆள் இடுப்பில் கயிறு மாட்டிக்கிட்டு, அலை அடிக்கிற மேல்தளத்துக்குப் போகணும். ஒருத்தர் முழிச்சிருந்தா ஒருத்தர் தூங்கலாம், அதுவும் சில மணி நேரம்தான். படுக்கையிலிருந்து உருளாம இருக்கத் துணித்தடுப்பு. படகோடு சேர்ந்து ஆடுற அடுப்பு. குடிக்கிற தண்ணியே கடல்தண்ணியை மெஷின்ல வடிகட்டி எடுக்கறது. அந்த மெஷின் ரிப்பேரானா மெக்கானிக்கும் இவங்கதான். நாம சர்வர் படுத்தா ரோல்பேக் பண்ணிட்டு டீ குடிக்கப் போற ஜாதி. அங்க எதை ரோல்பேக் பண்றது?

2025 ஜனவரி 30 அன்னைக்கு பாயிண்ட் நீமோவைக் கடந்தாங்க. பக்கத்துக் கரைக்கே சுமார் 2,700 கிலோமீட்டர். தலைக்கு மேல 400 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற விண்வெளி நிலைய ஆளுங்க அதைவிடக் கிட்ட!

சாட்டிலைட் போனா? 2018 கோல்டன் குளோப் போட்டியில் அபிலாஷ் டோமிக்கு பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டது. தகவல் அனுப்ப முடிந்தது. ஆனா மீட்பு வர்ற வரைக்கும் நாள்கணக்கில் எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடந்தார்.

நான் கடற்கரைக்காரன் இல்லை. விருத்தாசலம். கடல் பார்க்கணும்னா கடலூருக்கு பஸ் ஏறணும். ஆனா அப்பா பீங்கான் சூளையில் வேலை பார்த்தவர். தீ வெச்சாச்சுன்னா நடுவுல நிறுத்த முடியாது. சூட்டை ஏத்தற அவசரத்துல ஒருத்தன் கண் அசந்தா மொத்தச் சரக்கும் விரிசல். "மீட்டர் இருக்குல்லப்பா, தூங்கலாமே"ன்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன். "மீட்டர் காட்டும்டா, கரி யார் தள்றது?"ன்னார்.

செத்துப்போன ராஜாவோட கப்பலுக்குப் பெருமைப்படறது சுலபம் மக்களே. செலவே இல்லை. இன்னைக்கு ஓடற கப்பலைப் பெருமையா சொன்னா, அடுத்ததுல நம்ம வீட்டுப் பொண்ணை ஏத்தணும். அதான் உடனே "ஆட்டோபைலட் இருக்குல்ல".

கேண்டீன்காரர் மேல கோபம்னுதான் எழுத ஆரம்பிச்சேன். ஆனா என் தங்கச்சி ப்ளஸ் டூ முடிச்சப்ப, "நேவியில சேரணும்ண்ணா"ன்னு கேட்டா. "மணிமுத்தாறுலயே தண்ணி இல்ல, உனக்குக் கடலா?"ன்னேன். வீடே சிரிச்சது. அவளும் சிரிச்சா. அப்புறம் பி.ஈ. சேர்ந்தா, இப்ப என்னை மாதிரியே ஆணி புடுங்கறா.

தாரிணி கோவா திரும்பின அன்னைக்கு ஒரு போட்டோ அனுப்பினா. கூட ஒரு வார்த்தை எழுதலை. நான் ஒரு கட்டைவிரல் போட்டுட்டு மீட்டிங்குக்குப் போயிட்டேன்.

இன்னைக்கு ராத்திரி போன் பண்ணணும்.

டிஸ்கி: ஆட்டோபைலட் பத்தி பின்னூட்டத்துல சண்டைக்கு வர்றவங்க, ஒரு ராத்திரி சூளைக்குக் காவல் இருந்துட்டு வரவும்.