நுண்ணலை அடுப்பும் தச்சரின் அளவுகோலும்

நகரங்களில் புதிதாக எழும் வீடுகளில், சமையலறைச் சுவரோடு அலமாரி அமைத்து அதன் மாடம் ஒன்றில் நுண்ணலை அடுப்பைப் பொருத்திவிடும் வழக்கம் பரவி வருகிறது. மைக்ரோவேவ் என்ற பெயரால் யாவரும் அறிந்த இச்சாதனத்தை இவ்வாறு அமைப்பதால் மேடையில் இடம் மிச்சமாகிறது. பார்வைக்கும் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் இவ்வேலை நடைபெறும் வரிசை சரியானதன்று. முதலில் தச்சர் வருகிறார். கடையில் குறித்துக்கொண்டு வந்த நீள அகலத்தின்படி, அங்குலம் பிசகாமல் மாடத்தைச் செய்து முடிக்கிறார். மின்பணியாளர் கடைசியில் அழைக்கப்படுகிறார். அவர் அருகில் எந்தச் சாக்கெட் இருக்கிறதோ அதிலிருந்து ஒரு கம்பியை நீட்டிவிட்டுப் போகிறார். அடுப்பு வெளிவிடும் உஷ்ணம் எவ்வளவு, அது இழுக்கும் மின்னோட்டம் எவ்வளவு என்பதை இருவரில் ஒருவரும் கணக்கிடுவதில்லை.

உஷ்ணத்தின் கணக்கு எளியது. மின்னிணைப்பிலிருந்து சுமார் 1400 வாட்டு எடுத்துக்கொள்ளும் அடுப்பில், உணவைச் சென்று சேருவது ஏறக்குறைய 900 வாட்டுதான். எஞ்சிய 500 வாட்டும் மாக்னெட்ரான் குழாயிலும் மின்மாற்றியிலும் உஷ்ணமாகிறது. மாக்னெட்ரான் ராடார் யந்திரத்துக்காக வளர்ச்சி பெற்ற வெற்றிடக் குழாய். அதைக் கொண்டு உணவைச் சூடாக்கலாம் என்பதை அமெரிக்காவில் பெர்ஸி ஸ்பென்சர் 1945-ல் கண்டறிந்தார். 1947-ல் விற்பனைக்கு வந்த அடுப்பு ஆள் உயரம் இருந்தது. எடை ஏறக்குறைய 340 கிலோ. அதன் குழாயைக் குளிர்விக்கத் தண்ணீர் இணைப்பே கொடுக்க வேண்டியிருந்தது. 1967-ல் மேசைமீது வைக்கத்தக்க வீட்டு அடுப்பு சந்தைக்கு வந்தபோது, தண்ணீரின் வேலையைக் காற்று ஏற்றுக்கொண்டிருந்தது. ஆகவே அடுப்பைச் சுற்றி விடப்படும் வெற்றிடத்தை வீணாகும் இடமென்று கருதுவது பிழை. அது அந்த யந்திரத்தின் ஓர் உறுப்பு.

மேடைமீது வைப்பதற்கென்று செய்யப்பட்ட அடுப்பை மூடிய மாடத்துக்குள் தள்ளுவதே பெரும்பாலான தொல்லைகளுக்கு மூலகாரணம். அதன் காற்றுத் துளைகள் பக்கங்களிலும் பின்புறத்திலும் மேற்புறத்திலும் இருக்கின்றன. விசிறி வெளியே தள்ளிய சூடான காற்றையே மறுபடி உள்ளே இழுக்கிறது. சிறிது நேரத்தில் உஷ்ணக் காப்பு மின்னோட்டத்தை நிறுத்திவிட, அடுப்பு பாதிச் சமையலில் நின்றுவிடுகிறது. வீட்டார் யந்திரம் மட்டமானது என்று கடைக்காரரோடு வழக்காடுகின்றனர், குற்றமோ மாடத்தினுடையது. மாடத்துக்கென்றே செய்யப்படும் அடுப்புகள் வேறு வகை. அவற்றுக்கும் அலமாரியின் பின்புறத்திலோ மேலும் கீழுமோ காற்று வழி வெட்டியே ஆகவேண்டும். மேடை அடுப்புகளின் கையேடுகள் பல, மேலே 20 செ.மீ., பின்னால் 10 செ.மீ. அளவில் இடைவெளி கேட்கின்றன. எண் அடுப்புக்கு அடுப்பு மாறுமாதலால் வாங்கிய அடுப்பின் கையேட்டையே பார்க்க வேண்டும். அதில் காணும் இடைவெளியும் குறைந்தபட்ச அளவே. மே மாதத்தில் நாகபுரியிலோ விஜயவாடாவிலோ வெளிக்காற்றே 40 டிகிரியைத் தாண்டும்போது, சமையலறைக்குள் எரிவாயு அடுப்பும் எரிந்துகொண்டிருக்க, விசிறி எந்தக் குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்கும்? நம் நாட்டு வீடுகளில் கையேட்டு அளவுக்கு மேல் சிறிது தாராளமாக விடுவதே விவேகம்.

மின்னோட்டத்தின் கணக்கைப் பள்ளி மாணவரே போட்டுவிடலாம். 1400 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 6 ஆம்பியருக்குச் சற்று மேல் வருகிறது. சுடுகாற்றும் கிரில்லும் சேர்ந்த பெரிய அடுப்புகளில் இது 10 ஆம்பியரையும் எட்டும். விளக்குக்கும் விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் சாக்கெட் இதற்குப் போதாது. 16 ஆம்பியர் சாக்கெட்டும், அதற்கெனத் தனியாக இழுத்த 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் வேண்டும். அலமாரிக்குப் பின்னால் நீட்டுக் கம்பியை மறைத்து ஓட்டுவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நெருப்பை வளர்ப்பதற்கு ஒப்பாகும். சாக்கெட்டை அடுப்பின் முதுகுக்குப் பின்னாலேயே வைத்துவிடுவதும் கூடாது. ஆபத்து நேரும்போது அடுப்பை வெளியே இழுத்த பிறகுதான் சுவிட்சைத் தொட முடியுமென்றால் அந்தச் சுவிட்ச் எதற்கு?

எல்லாவற்றிலும் கவனத்துக்குரியது எர்த் எனப்படும் நில இணைப்பு. நுண்ணலை அடுப்பினுள் மாக்னெட்ரானுக்காக வீட்டு மின்னழுத்தம் சில ஆயிரம் வோல்ட்டுகளாக உயர்த்தப்படுகிறது. அவ்வுயர் அழுத்தச் சுற்றின் ஒரு முனை அடுப்பின் உலோக உடலோடேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த உடல் நிலத்தோடு சரியாக இணைந்திருக்கும் வரை கவலையில்லை. ஆனால் பழைய வீடுகள் பலவற்றில் மூன்றாம் துளை வெறும் துளையாகவே இருக்கிறது. சில இடங்களில் தண்ணீர்க் குழாயோடு கம்பியைச் சுற்றி எர்த் என்று பெயரிட்டிருக்கின்றனர். இரும்புக் குழாய் மண்ணுக்குள் சென்ற காலத்திலேயே அது நம்பத்தக்க ஏற்பாடன்று. குழாய்கள் பிளாஸ்டிக்காக மாறிவிட்ட பின் அதில் எள்ளளவும் பயனில்லை. இவற்றினும் கொடியது, சாக்கெட்டுக்குள்ளேயே எர்த் முனையை நியூட்ரலோடு முடிச்சுப் போட்டுவிடும் குறுக்கு வழி. எங்கோ நியூட்ரல் கம்பி அறுந்தால் அடுப்பின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். ஈரக் கையோடு வேலை செய்யும் அறை அது என்பதை நினைவுறுத்த வேண்டியதில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்ச் இப்போது எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிறது. அலமாரியின் மேற்பூச்சுக்குச் செலவிடும் தொகையில் சிறு பங்குகூட அதற்கு ஆகாது.

பொதுமக்கள் அஞ்சுவதோ வேறொன்றை. அடுப்பிலிருந்து கதிர்கள் கசிந்து உடலைக் கெடுக்கும் என்ற பேச்சு எங்கும் உலவுகிறது. இவ்வலைகளின் நீளம் சுமார் 12 செ.மீ.; கதவின் கண்ணாடியில் பதிந்த உலோக வலையின் துளைகள் அதைவிட மிகச் சிறியவையாதலால் அலை வெளியேறுவது அரிது. 5 செ.மீ. தூரத்தில் சதுர மீட்டருக்கு 50 வாட்டுக்கு மேல் கசியலாகாது என்று சர்வதேசத் தர விதி வரையறுத்திருக்கிறது. விலகிப் போகப் போக அதுவும் விரைவாகக் குறையும். நெளிந்த கதவோ உடைந்த கீலோ உள்ள அடுப்பைப் பயன்படுத்தக் கூடாது, அவ்வளவே. கதிருக்கு அஞ்சிச் சமையலறையை விட்டு வெளியே நிற்கும் குடும்பம், எர்த் இல்லாத சாக்கெட்டில் அதே அடுப்பைச் செருகியிருப்பதைக் கள ஊழியர் காணக்கூடும்.

மாடத்தின் உயரத்தைத் தச்சர் பெரும்பாலும் தம் உயரத்தை வைத்தே தீர்மானிக்கிறார். சமைக்கும் பெண்ணின் தோளுக்கு மேல் அடுப்பு அமைந்தால், கொதிக்கும் பால் பாத்திரத்தைக் கையை உயர்த்தி இறக்க வேண்டியிருக்கும். முகத்தில் கொட்டினால் பலத்த காயம் ஏற்படும். அவரையே சுவரருகில் நிறுத்தி முழங்கை உயரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொள்வது ஒரு நிமிட வேலை.

நகரத்துச் சிறு வீடுகளில் இவ்வளவு இடைவெளிக்கு இடமேது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. அத்தகைய வீடுகளில் அடுப்பை மாடத்தில் அடைக்காமல், சுவரில் உறுதியாகப் பதித்த இரும்புத் தாங்கியின் மேல் திறந்தவாறு வைப்பதே மேல். அழகு சற்றுக் குறையும்.

மனையியல் கற்பிக்கும் ஆசிரியர்களும் வீடு வீடாகச் செல்லும் ஊழியர்களும் இவ்வேலையின் வரிசையை மாற்றும்படி எடுத்துக் கூறலாம். அடுப்பை முதலில் தேர்ந்தெடுத்து அதன் கையேட்டைப் பெற வேண்டும். அடுத்து, உரிமம் பெற்ற மின்பணியாளர் எர்த்தை மீட்டர் வைத்துச் சோதித்துச் சாக்கெட்டை அமைக்க வேண்டும். தச்சர் அதன் பிறகு வரலாம். வேலை முடிந்ததும் மின்பலகையிலுள்ள காப்புச் சுவிட்சின் சோதனைப் பொத்தானை வீட்டார் முன்னிலையில் ஒருமுறை அழுத்திக் காட்டச் சொல்ல வேண்டும். சுவிட்ச் விழவில்லையென்றால், அதைச் சரிசெய்யும் வரை அடுப்பைச் செருகலாகாது.