சாய்த்துவிட்டால் அழகாகிவிடுமா?

பீடோங் பக்கம் ஒரு தோட்டக் கோயிலின் தீமிதித் திருவிழாப் பதாகை. மேல்வரி மலாய்: தடித்து, முனை உருண்டு, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. மோட்டார் சைக்கிளில் போகிறபோதே படிக்கலாம். கீழ்வரி தமிழ். அதுவும் தடிமன்தான், சாய்வுதான். ஆனால் மழையில் சரிந்த வேலி மாதிரி இருந்தது.

அச்சுக்கடைத் தம்பியிடம் கேட்டேன். "மேல சாஞ்சிருக்கு, கீழ நேரா நின்னா மேட்ச் ஆகாது அண்ணே. அதான் இழுத்து விட்டேன்."

அந்த 'இழுத்து விட்டேன்' என்பதில்தான் என் சண்டை. மலாய்க்கு அவர் பயன்படுத்திய எழுத்துருவை யாரோ உட்கார்ந்து சாய்வாகவே வரைந்து, வளைவுகளைத் திருத்தியிருக்கிறார். தமிழுக்கு, நேராக நிற்க வரைந்த எழுத்தின் தலையைப் பிடித்துத் தள்ளியாயிற்று. ஒரு வட்டத்தை அப்படித் தள்ளிப் பாருங்கள். கோடு ஒரு மூலையில் கனக்கும், பக்கத்து மூலையில் மெலியும். சுழிகளால் ஆன தமிழுக்கு இது எவ்வளவு கேடு! தடிமன் போதவில்லை என்று சுற்றிலும் பார்டர் வேறு. சுழி அடைந்துபோகிறது. மூன்றுசுழி ண-வுக்கும் இரண்டுசுழி ன-வுக்கும் நடுவே இருப்பதே ஒரு சுழிதான், ஐயா.

சாய்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் கையெழுத்தும் சாய்கிறது. ஐரோப்பியச் சாய்வெழுத்தும் இத்தாலியக் கையெழுத்திலிருந்து பிறந்ததுதான். வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் 1501-இல் அதிலேயே முழு நூலை அச்சிட்டார். அது தனி எழுத்து, தள்ளிவிட்ட எழுத்தல்ல. ஆங்கிலம் ஒரு சொல்லை அழுத்திச் சொல்லவும் அதைச் சாய்க்கும். நமக்கு அதற்கு 'தான்' இருக்கிறது, ஏகாரம் இருக்கிறது. நம் சிற்றிதழ்க் கட்டுரைகளில் நூல்பெயர்களைக் கணினியில் சரித்துவைப்பது யாரைப் பார்த்து?

வேறு வழியில்லை என்ற சாக்கும் செல்லாது. உருண்டையும் தடிமனும் வேண்டுமா? மும்பையின் எக் டைப் குழு தந்த 'பலூ தம்பி' இருக்கிறது. சாய்வு வேண்டுமா? இலங்கையின் தாரிக் அஸீஸ் சாய்வாகவே வரைந்த 'கவிவனார்' இருக்கிறது. இரண்டும் இலவசம். ஆப்பிள் கருவிகளில் உள்ள தமிழ் எழுத்துருக்களை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். அப்புறமும் நாம் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

"படிக்க முடியுதுல்ல, போதாதா?" என்பார்கள். போதாது. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, சனங்கள் சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்தபின், பல தோட்டங்களில் கோயில்தான் மிச்சம். அந்தச் சாலையில் கண்ணில் படும் ஒரே தமிழ் வரி அந்தப் பதாகையாக இருக்கலாம். கடைப் பெயர்ப்பலகையில் மலாய்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்பது நகராண்மைக் கழக விதி. அதற்கு நாம் குமுறுவோம், அறிக்கை விடுவோம். ஆனால் கிடைத்த அந்தச் சின்ன இடத்தில் தமிழை நசுக்கியது நகராண்மைக் கழகமா?

கோயில்காரர்களை மட்டும் திட்டவும் எனக்குத் தகுதியில்லை. போன வருடம் நாங்கள் நடத்திய சிறுகதைப் பட்டறையின் பதாகையும் இதே லட்சணம்தான். அதன் முன்னால் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொண்ட எழுத்தாளர்களில் நானும் ஒருவன்.

அடுத்த பதாகைக்கு ஆர்டர் கொடுக்கும்போது வாட்சாப்பில் வாசகத்தை அனுப்பிவிட்டுப் படுத்துவிடாதீர்கள். கடைக்குப் போய்த் தம்பி பக்கத்தில் உட்காருங்கள். இழுக்கப் போகிற கையைப் பிடியுங்கள்.