மத்தாப்புப் புகையை யார் நிறுப்பது?

தீபாவளி இரவிலும் டிசம்பர் 31 நள்ளிரவிலும் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் எழும் புகையில் எரிந்த உலோகமும் இருக்கிறது. மத்தாப்பின் வெள்ளை ஒளி அலுமினியமும் மகனீசியமும் எரிவதால் வருவது. பச்சைக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரொன்சியம்.

எரியும் உலோகம் ஆவியாகி, ஒட்சைட்டாக மாறி, குளிரும்போது நுண்துகள்களாகிறது. அவற்றில் பல ஒரு மைக்ரோமீற்றரை விடச் சிறியவை. நமது தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோமீற்றர். இவ்வளவு சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்லும்.

கைபேசியில் காற்றுத்தர எண்ணைப் பார்த்து முகநூலில் பகிர்கிறோம். ஆனால், மலிவான கருவிகள் துகளை நிறுப்பதில்லை. துகளில் பட்டுச் சிதறும் ஒளியை அளந்து, அடர்த்தியை ஊகித்து, நிறையைக் கணிக்கின்றன. அந்தக் கணக்கு வழமையான நகரத் தூசிக்கானது. அலுமினிய ஒட்சைட்டின் அடர்த்தியோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே எண் பிழைக்கக்கூடும். எந்த உலோகம் என்பதை அது சொல்லாது. அதை அறிய, வடிதாளில் துகளைச் சேகரித்து, நிறுத்து, ஆய்வுகூடத்தில் பரிசோதிக்க வேண்டும்.

சட்டமும் நிறையையே பார்க்கிறது. 2.5 மைக்ரோமீற்றருக்கு உட்பட்ட துகள்களுக்கு இலங்கையின் 2008 ஆம் ஆண்டு நியமம் 24 மணிநேரச் சராசரியாக ஒரு கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் பரிந்துரைத்தது 15. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 இல் பட்டாசில் பேரியம் சேர்ப்பதைத் தடை செய்தது. உலோகத்தின் பெயர் தெரிந்ததால்தான் அப்படி உத்தரவிட முடிந்தது.

பிறர் அளந்து தருவதையும் நம்பியிருக்க முடியாது. 2025 மார்ச்சில் அமெரிக்கா, கொழும்பு உட்படத் தன் தூதரகங்களின் காற்றுத்தரத் தரவுகளைப் பகிர்வதை நிறுத்தியது.

வன்னியில் இருந்தவர்களுக்குப் பரா லைட் நினைவிருக்கும். அத்தகைய வெளிச்சக் குண்டுகளில் எரிவதும் பெரும்பாலும் மகனீசியம்தான். பதுங்குகுழிகளில் நம் சனங்கள் சுவாசித்த புகையை எவரும் வடிதாளில் பிடித்து வைக்கவில்லை. அளக்கப்படாத ஒன்றுக்குப் பின்னர் பொறுப்புக்கூற வைப்பது எவ்வளவு கடினம் என்பது நமக்குத் தெரியும்.

அதனால் என் கோரிக்கை சிறியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடுத்த தீபாவளிக்கும் புதுவருடத்துக்கும் இந்த இரு பகுதிகளிலும் வடிதாள் மாதிரிகளை எடுக்கட்டும். முடிவுகளை, உலோகங்களின் பெயரோடு, தமிழிலும் வெளியிடட்டும்.