ஒரு நாள் சோறும் ஆறு மாதச் சோறும்

மேனாட்டிலிருந்து வந்து நம் நாட்டில் வேரூன்றிய சகோதர சங்கங்களைப் பற்றி இன்று சில வார்த்தை கூற விரும்புகிறோம். அவற்றுட் சிலவற்றின் கிளைகளுக்கு 'லாட்ஜ்' என்று பெயர். அப்பெயரைக் கேட்டவுடன் நம்மவர்க்கு ரயிலடியில் அறை வாடகைக்கு விடும் விடுதியே நினைவுக்கு வருமாயின் அது அவர்கள் குற்றமன்று. எழும்பூரில் பிரீமேஸன்களின் மண்டபம் இருக்கிறது. பல்லாவரம், தாம்பரம் பக்கங்களில் லயன்ஸ், ரோட்டரி கிளைகள் இருக்கின்றன. வக்கீல்களும் வைத்தியர்களும் வர்த்தகர்களுமே பெரும்பாலும் அங்கத்தினர்.

1868-இல் நியூயார்க்கில் தோன்றிய எல்க்ஸ் சங்கத்தார் 1928-இல் ஒரு தர்மநிதி ஏற்படுத்தினர். அதிலிருந்து லாட்ஜுகளுக்கு மானியம் செல்ல, அவற்றுட் பல அதைக்கொண்டு தத்தம் ஊரில் பசித்தோரைப் போஷிக்கின்றன. லயன்ஸ் சங்கத்துக்கும் 1968 முதல் அத்தகைய நிதியுண்டு. பசி நீக்குதல் அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. ஆகவே பணத்துக்கு வழியில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. அது எவ்வாறு செலவாகிறது என்பதே நம் கேள்வி.

ஒரு நாள் பொட்டலம், ஒரு பேனர், ஒரு புகைப்படம் என்பதே வழக்கமாயிருக்கிறது. அதை நாம் இகழவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது பொட்டலச் சோறே பலர் உயிரைக் காத்தது. ஆனால் வெள்ளத்தோடு வடியாத பசியொன்று தாம்பரத்தின் வாசலிலேயே இருக்கிறது.

எல்க்ஸ் நிதி தோன்றிய அதே 1928-இல்தான் டாக்டர் சவரிமுத்து தாம்பரத்தில் க்ஷயரோக ஆஸ்பத்திரியை நிறுவினார். 1937-இல் சர்க்கார் அதை ஏற்றது. 'சானடோரியம்' என்று ரயில் நிலையத்துக்கே பெயராயிற்று. அக்காலத்தில் இந்நோய்க்குத் தக்க மருந்தில்லை. நல்ல காற்றும் ஓய்வும் ஆகாரமுமே சிகிச்சை. இன்று மருந்து இனாமாகக் கிடைக்கிறது, ஆகாரம்தான் கிடைக்கவில்லை! சாதாரணமாக ஆறு மாதம் மருந்துண்ண வேண்டும். கூலிக்காரன் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பும் படுத்துவிடுகிறது. இளைத்த உடலை நோய் எளிதில் பற்றுமாதலால் அடுத்த முறை மனைவிக்கோ மகளுக்கோ வருகிறது.

இதற்குச் சாட்சியம் உண்டு. ஜார்க்கண்டில் சுமார் 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் உணவுப் பொருள்கள் வழங்கினர். அவர்களுள் ஒரு பகுதியாரின் வீட்டாருக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தனர். அவ்வாறு பெற்ற வீட்டாரிடையே புதிதாக நோய் காண்பது, பெறாதவரைவிட ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது என்று 2023-இல் லான்செட் பத்திரிகை வெளியிட்டது. மருந்தன்று, அரிசியும் பருப்புமே இதைச் செய்தன! வக்கீல்கள் நிறைந்த சங்கங்களுக்கு வேறென்ன சாட்சியம் வேண்டும்?

மத்திய சர்க்கார் 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் அளித்து, 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. ஒருவர் போஷாக்குக்கென்று தரும் அத்தொகையில் நால்வர் உண்ண வேண்டியிருக்கிறது. இக்குறையை நிரப்புவதே சங்கங்களுக்குரிய வேலை. 2022-இல் ஏற்பட்ட நிக்ஷய் மித்ரா முறைப்படி எந்தச் சங்கமும் பெயரைப் பதிந்துகொண்டு நோயாளிகளுக்கு மாதந்தோறும் உணவுக்கூடை அளிக்கலாம்.

ஆனால் இரண்டு நிபந்தனைகளை நாம் வற்புறுத்துவோம். நோயாளி கையில் கூடையைக் கொடுத்துப் படம் பிடித்தல் அறவே கூடாது. நோய் வெளியானால் குடியிருப்போரை வீட்டைவிட்டுத் துரத்துவோரும் சம்பந்தத்தை முறிப்போரும் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். மற்றொன்று, லயன்ஸிலும் ரோட்டரியிலும் ஆண்டுதோறும் ஜூலையில் தலைவர் மாறுகிறார். தலைவர் மாறினால் திட்டமும் மாறுகிறது. ஏப்ரலில் ஏற்ற குடும்பத்தை ஜூலையில் கைவிட்டால் அது தர்மமாகுமா? ஆறு மாதத்துக்குரிய பணத்தைத் தனியே ஒதுக்கிவைத்த பின்னரே ஒரு குடும்பத்தை ஏற்கவேண்டும். பத்துக் குடும்பத்துக்குப் போதாதெனில் மூன்றோடு நிறுத்தட்டும். வரும் ஜூலையில் பதவியேற்கும் கனவான்கள், மாலை சூடுமுன், எத்தனை குடும்பத்துக்கு எத்தனை மாதம் பாக்கி என்ற கணக்கை முன்னவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வார்களாக.