லாச்சி சொல்லாத கணக்கு



ரமழானுக்குச் சில நாட்கள் முன்பு, கொட்டாஞ்சேனையில் பலசரக்குக் கடை நடத்தும் சகோதரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "ஹஸ்ரத், வருஷா வருஷம் ஸகாத்துக்கு ஐம்பதாயிரம் ஒதுக்குவேன். இந்த முறையும் அது காணும்தானே?" என்றார்.

"எப்படிக் கணக்குப் பார்த்தீர்கள்?" என்று கேட்டேன்.

"கணக்கு என்ன ஹஸ்ரத், லாச்சியில் காசு புழங்குகிறது. வியாபாரம் நல்லம்தான்" என்றார்.

இரண்டு இரவுகள், இஷாவுக்குப் பின் கடையைப் பூட்டிவிட்டு, அவரும் மகனும் நானும் சரக்கை எண்ணினோம். தராசும் இராக்கைகளும் ஸகாத்துக்கு உரியவை அல்ல, விற்பனைக்குரியவை மட்டுமே. அவற்றை வாங்கிய விலைக்கல்ல, அன்றைய சந்தை விலைக்கு மதித்தோம். சரக்கு 48 இலட்சம், கையிலும் வங்கியிலும் 5 இலட்சம், திரும்பி வரும் என்று உறுதியான கடன் 7 இலட்சம். ஆக 60 இலட்சம். அதில் இரண்டரை வீதம் ஒன்றரை இலட்சம் ரூபா! ஏழைகளுக்குரிய ஓர் இலட்சம் அவருடைய இராக்கையிலேயே தங்கியிருக்கும். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஸகாத் பாடத்தைக் கரும்பலகையில் மட்டும் நடத்தி வந்த எனக்கும் அன்று வெட்கமாகத்தான் இருந்தது.

லாச்சி காசைக் காட்டும், நிலைமையைக் காட்டாது. 2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். முந்திய ஆண்டு ஒரு மாதத்தில் 10 இலட்சத்துக்கு விற்றவர், அவ்வாண்டு அதே மாதத்தில் 14 இலட்சத்துக்கு விற்றிருந்தால் முன்னேறிவிட்டதாகவே எண்ணியிருப்பார். விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால் அது பழைய 8 இலட்சத்துச் சொச்சம்தான். அவர் முன்னேறவில்லை, பின்தங்கியிருக்கிறார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் மனிதனின் நஃப்ஸை ஒரு வியாபாரப் பங்காளிக்கு ஒப்பிடுகிறார்கள். முதலில் அதனுடன் நிபந்தனை பேச வேண்டும். பிறகு கண்காணிக்க வேண்டும். இறுதியில் கணக்குக் கேட்க வேண்டும். இதுவே முஹாஸபா. வியாபாரியைக் கொண்டு ஆன்மாவுக்குப் பாடம் சொன்னார்கள். நாமோ அந்தப் பாடத்தை வியாபாரத்திலேயே மறந்துவிட்டோம்!

கொட்டாஞ்சேனைச் சகோதரரின் கதை ஸகாத்துடன் முடியவில்லை. "கடையில் நிற்கும் தம்பிக்கு ஈ.பீ.எஃப். கட்டுகிறீர்களா?" என்று கேட்டேன். தலை குனிந்தார். ஒன்பது வருட உழைப்பு! முதலாளி கட்ட வேண்டியது ஈ.பீ.எஃப். 12 வீதம், ஈ.ரீ.எஃப். 3 வீதம். நாற்பதாயிரம் ரூபா சம்பளத்துக்கு மாதம் 6,000, வருடம் 72,000. இத்தனை காலமும் 'இலாபம்' என்று வீட்டுக்குக் கொண்டுபோனதில் அந்தத் தம்பியின் முதுமைக்கால உணவும் இருந்தது.

எனவே, வெள்ளவத்தை காலி வீதியில் புடவைக் கடை வைத்திருந்தாலும் சரி, வீட்டில் இடியப்பம் அவித்து விற்றாலும் சரி, மாதத்தில் ஓர் இரவு உங்களையே விசாரியுங்கள். சென்ற மாதம் எத்தனை ரூபாவுக்கு விற்றேன் என்பதோடு, எத்தனை கிலோ, எத்தனை உருப்படி விற்றேன்? எனது உழைப்புக்கு ஒரு சம்பளம் எழுதிவிட்டு, வீட்டுக்கு எடுத்த அரிசியையும் சீனியையும் கழித்த பிறகு மிஞ்சுவது என்ன? விற்காமல் தூசி படியும் சரக்கை வாங்கியது யார் தவறு? என்னிடம் யாருடைய உரிமையாவது தங்கியிருக்கிறதா?

சகோதரிகளே, இந்தக் கொப்பியை நீங்கள் எழுதலாம். கடனை எழுதி வைக்குமாறு கூறும் வசனமே (2:282) அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை மறவாதீர்கள்.

நமது தராசைப் பரிசோதித்து முத்திரையிட ஒரு திணைக்களம் இருக்கிறது. தராசின் பின்னால் நிற்பவரைப் பரிசோதிக்க அவரேதான் இருக்கிறார்.

அந்தச் சகோதரர் இவ்வாண்டு ஒன்றரை இலட்சத்தையும் கொடுத்தார். தம்பியின் பெயரையும் பதிந்தார். பழைய பாக்கியைத் தவணையாகத் தீர்த்து வருகிறார். "இலாபம் குறைந்துவிட்டது ஹஸ்ரத், ஆனால் நித்திரை வருகிறது" என்றார்.

நமது கணக்கை நாமே முந்திப் பார்த்துக்கொள்ளும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.