அட்டையின் மறுபக்கத்தையும் எண்ணுங்கள்

2020 பிப்ரவரி 3, திங்கள்கிழமை இரவு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பள்ளிக்கூட விளையாட்டு அரங்குகளிலும் தேவாலய மண்டபங்களிலும் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் கூடினார்கள். அதிபர் தேர்தலில் கட்சியின் வேட்பாளராக யாரை நிறுத்துவது என்று ஊர்க்காரர்கள் நேரில் கூடிச் சொல்லும் 'காக்கஸ்' கூட்டம் அது. பெர்னி சாண்டர்ஸுக்கு ஒரு மூலை, எலிசபெத் வாரனுக்கு ஒரு மூலை, ஜோ பைடனுக்கு ஒரு மூலை என்று அணி பிரிந்து நின்றார்கள். தலை எண்ணப்பட்டது. பெரும்பாலான இடங்களில், வந்திருப்பவர்களில் 15 சதவீதம் பேர்கூடச் சேராத அணி தேறாது என்பது விதி. அப்படித் தேறாத அணியில் நின்றவர்களை, பக்கத்து அணியில் நின்ற அண்டை வீட்டுக்காரர்கள் தங்கள் பக்கம் அழைத்தார்கள், பேசிப் பார்த்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் முதல் தேர்வை எழுத வேண்டும். அது தேறாவிட்டால் அட்டையைத் திருப்பி, மறுபக்கத்தில் இரண்டாவது தேர்வை எழுதலாம்.

அன்றிரவு முடிவுகளைத் திரட்டுவதற்கான கைபேசிச் செயலி கைவிட்டது. முடிவு தெரிய நாள்கணக்கானது. உலகம் முழுக்க அந்தக் குளறுபடியே செய்தியாயிற்று. அட்டையின் மறுபக்கம் சொன்ன செய்தி கவனிப்பாரற்றுப் போயிற்று. ஒரே கட்சிக்குள் பலர் போட்டியிடும்போது, வாக்காளர் மனத்தில் ஒரு பெயர் மட்டும் இருப்பதில்லை. ஒரு வரிசை இருக்கிறது. முதலில் இவர், இவர் இல்லையென்றால் அவர். அந்த வரிசையைக் கேட்டு வாங்கும் வாக்குச்சீட்டே நியாயமான வாக்குச்சீட்டு. பதவியில் உள்ள அதிபர் மீண்டும் போட்டியிட முடியாத 2028 தேர்தலில் இரு கட்சிகளிலும் வேட்பாளர்கள் வரிசைகட்டி நிற்பார்கள். அதற்கு முன் உட்கட்சித் தேர்தல்களில் விருப்ப வரிசை வாக்குமுறையை இரு கட்சிகளும் கொண்டுவர வேண்டும்.

பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தல் காலத்தில் கருத்துக்கணிப்பு வரைபடம் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். உடனே வாக்காளர்மீது பழி விழும்: நிலையான மனம் இல்லாதவர்கள், காற்றடிக்கும் பக்கம் சாய்பவர்கள் என்று. இந்தப் பழி நியாயமற்றது. பொதுத்தேர்தலில் வாக்காளரைப் பிடித்து நிறுத்தும் கயிறு கட்சி. உட்கட்சித் தேர்தலில் அந்தக் கயிறு இல்லை. போட்டியிடும் அனைவரும் ஒரே கட்சிக்காரர்கள். கொள்கையிலும் பெரும்பாலும் பங்காளிகள். அங்கே வாக்காளர் இரண்டு கேள்விகளை ஒரே நேரத்தில் கேட்டுக்கொள்கிறார். எனக்குப் பிடித்தவர் யார்? எதிர்க்கட்சியை வெல்லக்கூடியவர் யார்? இரண்டாவது கேள்விக்கான விடை ஒவ்வொரு மாநிலத்தின் முடிவு வரும்போதும் மாறும். விடை மாறும்போது மனமும் மாறுவது அறிவுள்ளவர் செய்யும் காரியம்.

2008-ஐ எடுத்துக்கொள்வோம். 2007 முழுவதும் தேசிய அளவிலான கணிப்புகளில் ஹிலாரி கிளின்டன் முன்னணியில் இருந்தார். கறுப்பின வாக்காளர்களிலும் பலர் அவர் பக்கமே நின்றனர். வெள்ளையர்கள் ஒரு கறுப்பினத்தவருக்கு வாக்களிப்பார்களா என்ற ஐயம் அவர்களுக்கு இருந்தது. அந்த ஐயத்துக்குப் பின்னால் வரலாறு இருந்தது. ஜனவரி 3 அன்று, மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மையினர் வெள்ளையராக உள்ள அயோவாவில் பராக் ஒபாமா வென்றார். ஐயம் நீங்கியது. அம்மாத இறுதியில் தென் கரோலினாவில் ஒபாமா சுமார் 55 சதவீத வாக்குகளுடன் வென்றார். அந்த மாற்றத்தைச் சபலம் என்று யார் சொல்ல முடியும்? கண்முன் வந்த சான்றைப் பார்த்து முடிவெடுத்தவர்கள் அவர்கள்.

குடியரசுக் கட்சியிலும் இதே கதைதான். 2011-இன் பிற்பகுதியில் ரிக் பெர்ரி, ஹெர்மன் கெய்ன், நியூட் கிங்ரிச் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கணிப்புகளில் முதலிடத்துக்கு வந்தார்கள். 2012 ஜனவரி 3 இரவு அயோவாவில் மிட் ராம்னி வெறும் 8 வாக்குகளில் முந்தியதாக அறிவிக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்துச் சரிபார்த்தபோது ரிக் சான்டோரம் 34 வாக்குகள் முன்னே இருந்தார். கட்சி வாக்காளர்கள் ஒவ்வொருவராக நிறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் ராம்னியிடம் வந்து சேர்ந்தார்கள். இவ்வளவு நீண்ட உட்கட்சித் தேர்தலை நடத்துவதே இந்த நிறுவைக்காகத்தான்.

ஆக, குறை வாக்காளரின் மனத்தில் இல்லை. மனம் மாற இடம்தராத சீட்டில் இருக்கிறது. 2020-இல் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். அயோவாவில் பைடன் நான்காவது இடம். நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. அவருடைய கதை முடிந்தது என்றே பலரும் எழுதினார்கள். பிப்ரவரி 26 அன்று தென் கரோலினாவின் மூத்த கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் பைடனுக்கு ஆதரவு தெரிவித்தார். 29 அன்று அம்மாநிலத்தில் பைடன் ஏறத்தாழ 49 சதவீதம் பெற்றார். சாண்டர்ஸுக்கு 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மார்ச் 1 அன்று பீட் புட்டிஜெஜ் விலகினார். மார்ச் 2 அன்று ஏமி குளோபுச்சார் விலகினார். அன்றிரவே இருவரும் டெக்சஸ் மாநிலம் டல்லாஸில் பைடனை ஆதரித்தார்கள். மறுநாள் 'சூப்பர் டியூஸ்டே'. 14 மாநிலங்களில் வாக்குப்பதிவு. 10-இல் பைடன் வென்றார். குளோபுச்சாரின் மின்னசோட்டாவும், இன்னும் களத்தில் நின்ற வாரனின் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸும் அந்தப் பத்தில் அடக்கம். மூன்றே நாளில் ஒரு கட்சியின் எடை ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குப் போனது. கைக்காசில் 50 கோடி டாலருக்கு மேல் இறைத்த மைக்கேல் புளூம்பெர்க்குக்கு அன்று கிடைத்த ஒரே வெற்றி அமெரிக்க சமோவா என்ற சின்னஞ்சிறு தீவுப் பகுதி. பணத்தால் வாங்க முடியாத மனமாற்றம் அது.

அதே நாளின் இன்னொரு பக்கம் கலிஃபோர்னியாவில் இருந்தது. அங்கே தபால் வாக்குப்பதிவு தொடங்கியது, அயோவா கூட்டம் நடந்த அதே பிப்ரவரி 3 அன்று. தபாலில் சீட்டு வந்ததும் பொறுப்பாக நிரப்பி அனுப்பியவர்கள் ஏராளம். மார்ச் 3 தேர்தலின் வாக்குகளை எண்ணி முடித்தபோது, அந்நாளுக்கு இரண்டு நாள் முன்பே விலகிவிட்ட புட்டிஜெஜுக்குச் சுமார் இரண்டரை லட்சம் வாக்குகள் இருந்தன. குளோபுச்சாருக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். 15 சதவீத வரம்பைத் தொடாததால், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுக்குச் செல்லும் பிரதிநிதிகளில் ஒருவர்கூட இருவருக்கும் கிடைக்கவில்லை. கடைசி நாள்வரை காத்திருந்தவருக்கு மனம் மாற வாய்ப்புக் கிடைத்தது. சட்டம் அனுமதித்த நாளிலேயே கடமையைச் செய்தவரின் சீட்டு குப்பைக்குப் போனது. சீட்டில் 'இவர் இல்லையென்றால் அவர்' என்று எழுத இன்னொரு கட்டம் இருந்திருந்தால், அந்த லட்சக்கணக்கானோரும் களத்தில் மிஞ்சியவர்களிடையே ஒருவரைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

வாக்குகள் ஒன்றுசேராமல் சிதறினால் என்ன ஆகும் என்பதற்கு 2016 சான்று. குடியரசுக் கட்சியில் 17 முக்கிய வேட்பாளர்கள். தென் கரோலினாவில் டொனால்ட் டிரம்ப் பெற்றது 32.5 சதவீதம். கட்சியின் விதிப்படி அம்மாநிலத்தின் 50 பிரதிநிதிகளும் அவருக்கே போனார்கள். ஃபுளோரிடாவில் 46 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகப் பெற்று 99 பிரதிநிதிகளையும் அள்ளினார். தென் கரோலினாவில் மற்றவர்களுக்கு வாக்களித்த மூன்றில் இரண்டு பங்கினரின் அடுத்த விருப்பமும் டிரம்ப்பாகவே இருந்திருக்கலாம், வேறொருவராகவும் இருந்திருக்கலாம். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதே குற்றம். பெரும்பான்மையின் ஆதரவுடன் வென்றேன் என்று சொல்லும் வாய்ப்பை அந்தச் சீட்டு டிரம்ப்புக்கும் தரவில்லை.

சீட்டு கேட்க மறுக்கும் கேள்வியைக் கருத்துக்கணிப்புகள் கேட்கின்றன. வாக்காளரின் அடுத்த தேர்வு யார் என்பதை ஊகிக்கும் வேலை அவற்றின் கைக்குப் போய்விட்டது. கணிப்பு செய்தியாக இருப்பதில் தவறில்லை. வாயிற்காவலனாக ஆவதுதான் தவறு. 2019 செப்டம்பர் விவாத மேடையில் ஏற, குறைந்தது நான்கு கணிப்புகளில் 2 சதவீதமும், 1,30,000 நன்கொடையாளர்களும் வேண்டும் என்று ஜனநாயகக் கட்சித் தலைமை விதித்தது. 400 பேரிடம் எடுக்கும் கணிப்பில் 2 சதவீதம் என்பது 8 பேர். 1 சதவீதம் என்றால் 4 பேர். தொலைபேசியை எடுத்த நான்கு பேரின் வித்தியாசத்தில் ஒருவர் மேடைக்குள்ளே, இன்னொருவர் வெளியே.

தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த பெயர் கமலா ஹாரிஸ். திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர் அவருடைய தாய்வழிப் பாட்டனார். 2019 ஜூனில் மயாமி விவாதத்தில் பைடனை எதிர்கொண்ட பின் ஹாரிஸின் ஆதரவு மளமளவென ஏறியது, பிறகு சரிந்தது. நிதியும் வற்றவே, டிசம்பர் 3 அன்று விலகினார். அதுவரை ஒரு மாநிலத்தில்கூட ஒரு வாக்கும் பதிவாகியிருக்கவில்லை. 2024 ஜூலையில் பைடன் போட்டியிலிருந்து விலகியபோது, அதே ஹாரிஸ் உட்கட்சித் தேர்தலில் நிற்காமலேயே கட்சியின் வேட்பாளரானார். முதல் முறை வாக்காளர் சொல்வதற்குள் கணிப்பும் பணமும் முடிவு சொல்லிவிட்டன. இரண்டாம் முறை வாக்காளரைக் கேட்க நேரமே இருக்கவில்லை. கணிப்பைக் கொண்டு விவாத மேடையைச் சுருக்காமல், 2019 ஜூனில் செய்ததுபோல் வேட்பாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு இரவுகளாகப் பிரித்து விவாதம் நடத்துவதை, முதல் மாநிலம் வாக்களிக்கும்வரை தொடர்ந்திருக்க வேண்டும்.

விருப்ப வரிசை வாக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2020-இலேயே அலாஸ்கா, ஹவாய், கான்சஸ், வயோமிங் ஆகிய நான்கு மாநிலங்களின் ஜனநாயகக் கட்சி இதைக் கையாண்டது. விலகியவர்களுக்கும் வரம்பைத் தொடாதவர்களுக்கும் விழுந்த வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு நகர்ந்தன. நமக்கும் இது புதிதில்லை. இந்தியக் குடியரசுத் தலைவரும் மாநிலங்களவை உறுப்பினர்களும் 1, 2, 3 என்று எழுதித்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலில் ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டாவது, மூன்றாவது விருப்பு வாக்குகளை அளிக்கும் உரிமை உண்டு.

எதிர்ப்பவர்கள் முதலில் சொல்வது, சாதாரண வாக்காளருக்கு இது குழப்பமாக இருக்கும் என்பது. இந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. இலங்கையில் 2024 செப்டம்பரில் எவரும் பாதியைத் தாண்டாததால் முதன்முறையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. முதலிரு இடங்களுக்கு வெளியே விழுந்த வாக்குகள் சுமார் 33 லட்சம். அவற்றில் முதலிரு இடங்களில் இருந்த அநுரகுமார திசாநாயக்கவுக்கோ சஜித் பிரேமதாசவுக்கோ நகர்ந்தவை 3 லட்சத்துக்கும் குறைவு. பல்லாண்டு காலம் ஒரே ஒரு பெயருக்கு வாக்களித்துப் பழகிய மக்கள் சட்டம் தந்த உரிமையைக் கையில் எடுக்கவில்லை. முறையைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, ஊர் ஊராகக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும் என்பதே இதில் பாடம். அயோவாவில் அட்டையைத் திருப்பி எழுதிய விவசாயிக்கும் பள்ளி ஆசிரியைக்கும் அது கடினமாக இருக்கவில்லை. கடையில் கேட்ட பொருள் இல்லையென்றால் அடுத்ததைக் கேட்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அப்படியானால் காக்கஸே போதுமே என்று சிலர் வாதிடலாம். போதாது. அங்கே வாக்கு இரகசியமாக இருப்பதில்லை. முதலாளியும் அண்டை வீட்டாரும் பார்க்க நிற்க வேண்டும். இரவுப் பணிக்குப் போகும் செவிலியரும் கைக்குழந்தைக்காரியும் நடமாட முடியாத முதியவரும் அங்கே வர முடியாது. 2020-இல் அயோவாவில் பங்கேற்றவர்கள் சுமார் 1.76 லட்சம் பேர். மக்கள்தொகையில் அயோவாவின் பாதிகூட இல்லாத நியூ ஹாம்ப்ஷயரில், சாவடிக்குப் போய்ச் சீட்டுப் போடும் பிரைமரியில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் வாக்களித்தார்கள். காக்கஸைக் கைவிட்டு வருவது சரியே. ஆனால் அதோடு சேர்த்து அட்டையின் மறுபக்கத்தையும் கைவிட்டுவிடக் கூடாது. இரகசியச் சீட்டும் விருப்ப வரிசையும் ஒன்றாக வர வேண்டும்.

இன்னொரு தடை சட்டம். பெரும்பாலான பிரைமரிகளை மாநில அரசுகள் நடத்துகின்றன. ஃபுளோரிடா, டென்னசி போன்றவை இம்முறையைத் தடையே செய்துள்ளன. ஆனால் எந்த மாநிலத்தின் பிரதிநிதிகளை எந்த விதிப்படி ஏற்பது என்று தீர்மானிப்பது கட்சிகள். அரை நூற்றாண்டாக அயோவாவுக்கு இருந்த முதலிடத்தை எடுத்து 2024-க்குத் தென் கரோலினாவிடம் கொடுக்க ஜனநாயகக் கட்சித் தலைமையால் முடிந்தது. தாங்களே நடத்தும் தேர்தல்களிலிருந்து தொடங்கலாம். தபால் வாக்கு அதிகமுள்ள மாநிலங்களை அடுத்து அணுகலாம். மனம்தான் வேண்டும்.

இந்த அமைப்பு கல்லில் வெட்டியதும் இல்லை. 1968-இல் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியில்கூட நிற்காமல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். மாநாடு நடந்த சிகாகோவின் தெருக்களில் இரத்தம் சிந்தியது. அந்தச் சினத்திலிருந்து பிறந்த சீர்திருத்தக் குழு, 1972-க்குள் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தலைவர்களின் அறைகளிலிருந்து வாக்காளர் கைக்கு மாற்றியது. அன்று கிடைத்தது முதல் தேர்வைச் சொல்லும் உரிமை. முதல் தேர்வு களத்தை விட்டுப் போனபின்னும் வாக்காளர் களத்தில் இருக்கிறார். அவர் அடுத்து என்ன சொல்கிறார் என்பதையும் கேட்டாக வேண்டும். அயோவாவின் குளிர்கால இரவில் ஒரு காகித அட்டையைத் திருப்பி எழுத முடிந்தது. 2028-இல் ஒவ்வொரு வாக்காளரின் சீட்டிலும் அந்த மறுபக்கம் இருக்கட்டும்.